மண் பிள்ளையாரும் பிரிகோடும்



ஆவணித் திங்கள் வளர்பிறைச் சதுர்த்தியன்று காலையில் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தின் தெருக்கள் வழியே நடந்து செல்வோமானால் ஓர் இனிய காட்சியைக் காணலாம். நாள்தோறும் தறியோசை கேட்கும் அத் தெருக்களின் முனையில், ஈரக் களிமண் குவியல் ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் கையில் மரத்தாலான ஓர் அச்சு இருக்கும். களிமண்ணை உருட்டி அவ்வச்சினுள் வைத்து அழுத்துவார். மிகுந்து நிற்கும் மண்ணை விரலால் வழித்தெறிவார். அச்சைப் பலகையின்மேல் கவிழ்த்து மெல்லத் தட்டுவார். தும்பிக்கையும் தொந்தியுமாகப் பிள்ளையார் வந்து வீற்றிருப்பார். குன்றிமணி இரண்டு கண்களாகும், எருக்கம்பூ மாலையாகும், வண்ணக் காகிதம் குடையாகும். அடுத்த நொடியே அச்சு அடுத்த பிள்ளையாரைப் பெற்றெடுக்க அணியமாகிவிடும்.

இக் காட்சியைக் கண்டு களித்தவர் பலர். ஆயினும் ஒரு கேள்வியை எழுப்பியவர் சிலரே. அச்சினுள் அழுத்திய மண் ஏன் அங்கேயே சிக்கிக் கொள்வதில்லை? தட்டியவுடன் தும்பிக்கை ஒடியாமல், காது பிய்யாமல், முழு உருவமாக வெளியே வருவது எங்ஙனம்?

அடுத்த முறை அந்த மண் பிள்ளையாரை உற்றுப் பாருங்கள். அவருடைய தும்பிக்கை காற்றில் தொங்குவதில்லை. வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். கைகள் உடலை விட்டு விலகுவதில்லை. காதுகளின் பின்னே இடைவெளி இல்லை. முதுகு தட்டையாக இருக்கும். மேலிருந்து உள்ளே செல்லச் செல்ல ஒவ்வொரு பள்ளமும் குறுகுமேயன்றி ஓரிடத்திலும் அகலுவதில்லை. அச்சைக் குடைந்த தச்சர், பிள்ளையாரின் அழகை எண்ணியதற்கு முன்பே, அவர் எந்தத் திசையில் வெளியே வருவார் என்பதை எண்ணியிருக்கிறார். உள்ளே செல்லும் வழியை யாரும் அமைக்கலாம். வெளியே வரும் வழியை அமைப்பதே தொழில்நுட்பம்.

உருக்கிய உலோகத்தை வார்த்துப் பொருள் செய்யும் கலையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே சுழல்கின்றது. எங்கே பிரிப்பது? வார்ப்பட ஆலைகளில் இதனைப் 'பார்ட்டிங் லைன்' என்பர். நாம் பிரிகோடு என்போம். மணலால் ஆன வார்ப்பு அச்சு மேற்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாகப் பிரிகின்ற இடத்தில், பொருளின் உடலைச் சுற்றி ஓடும் கோடு அது. முன்னாளில் கைவினைஞரின் உள்ளத்தில் மட்டுமே இருந்த அக் கோட்டினை இந்நாளில் கணிப்பொறியின் திரையில் வரைகின்றோம். இந்த இடமாற்றத்தால் நாம் பெற்றது என்ன, இழக்கக் கூடியது என்ன என்பதையே இன்று ஆராய இருக்கின்றோம்.

பிள்ளையார்பாளையத்தின் அருகிலேயே கயிலாசநாதர் கோயில் இருக்கின்றது. கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்தது அது. அங்கே கல்லைச் செதுக்கிய சிற்பிக்குப் பிரிகோட்டைப் பற்றிய கவலை இருந்ததில்லை. வேண்டாத கல்லை நீக்கினான். வேண்டிய உருவம் எஞ்சியது. வார்ப்புத் தொழிலாளியின் நிலை வேறு. அவன் முதலில் ஒரு வெற்றிடத்தைப் படைக்க வேண்டும். பின்னர் அவ்வெற்றிடத்தை உலோகத்தால் நிரப்ப வேண்டும். வெற்றிடத்தைப் படைப்பதற்கு, அதனுள் இருந்த மாதிரி உருவம் எவ்வாறேனும் அகல வேண்டும். அது அகலும் வழிகளில் மிகப் பழமையானது மெழுகு வழி.

சிந்துவெளியில் மொகஞ்சதாரோவில் 1926-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட ஆடல் மகளின் சிறு வெண்கல உருவம் ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மெழுகு முறையில் வார்க்கப்பட்டது. அம் முறை தமிழகத்தில் சோழர் காலத்தில் உச்ச நிலையை எய்தியது. மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணையும் களிமண்ணையும் படலம் படலமாகப் பூசி, உலர்த்தி, சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். எஞ்சிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவர். ஆறிய பின் மண் கூட்டை உடைப்பர். மாதிரி உருவமே உருகி வெளியேறி விடுவதால் கூட்டைப் பிரிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. ஆகவே பிரிகோடும் இல்லை. திருவெண்காட்டில் கிடைத்துத் தஞ்சைக் கலைக்கூடத்தில் இன்று விளங்கும் இடபவாகன தேவரின் படிமம் முதலாம் இராசராசன் காலத்தது. 1011-ஆம் ஆண்டு கல்வெட்டால் அறியப்படுவது. பாம்புகள் பின்னிய தலைப்பாகையும், விடையின்மேல் சாய்வதற்காக மடங்கிய கையும் கொண்ட அவ்வுருவத்தை இரண்டு பாதிகளான அச்சிலிருந்து சிதையாமல் எடுத்துவிட முடியுமா? மெழுகுக்கு அன்றி வேறெதற்கும் அது இயலாது.

ஆனால் இவ்வுரிமைக்கு ஒரு விலை உண்டு. ஒரு மெழுகுக்கு ஒரு படிமம். கூடு உடைந்தது, மெழுகு உருகியது, இரண்டாவது படிமம் வேண்டுமாயின் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் இவ்வாறே செய்கின்றனர். வழிபாட்டிற்குரிய படிமத்திற்கு அது பெருமை. வீட்டுக்கு வீடு வேண்டிய பானைக்கும் விளக்குக்கும், ஆயிரக்கணக்கில் வேண்டிய பொறி உறுப்புகளுக்கும் அது கட்டுப்படியாகாது. ஒரே மாதிரியைக் கொண்டு மீண்டும் மீண்டும் வார்க்க விரும்பிய நாளிலேயே மனிதன் பிரிகோட்டை ஏற்றுக்கொள்ள வேண்டியவனானான். பலவாகப் பெருக்குவதற்கு நாம் கொடுக்கும் விலையே பிரிகோடு எனலாம்.

சீன நாட்டில் சாங் அரச மரபினர் காலத்தில், அதாவது மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, வெண்கலக் கலங்களைப் பல துண்டுகளாகப் பிரியும் களிமண் அச்சுகளில் வார்த்தனர். ஆன்யாங் நகரில் 1939-ஆம் ஆண்டு கிடைத்த ஒரு நாற்கால் கலம் எண்ணூறு கிலோவிற்கும் மேல் எடையுள்ளது. துண்டுகள் கூடுமிடத்தில் உலோகம் கசிந்து பிசிறு உண்டாவது இயல்பு. அக் கம்மியர் அதனை மறைக்க முயலவில்லை. கூடுமிடம் பலவற்றில் நீண்டெழும் விளிம்புகளை வேண்டுமென்றே அமைத்து அவற்றையே அணியாக்கினர். குறை அழகாயிற்று.

இதே அறிவு பிள்ளையார்பாளையத்துத் தறியிலும் உண்டு. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை என்பதை நீங்கள் அறிவீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டிற்கும் ஊடிழை வேறு வேறு. மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளருக்கு உதவியாக மற்றொருவர் அமர வேண்டும். உடலும் கரையும் கூடும் கோட்டில் இழையோடு இழை கோத்து நிற்கும். அக் கோட்டின்மேல்தான் இரம்பப் பல் போன்ற தாழம்பூ ரேக்கு எழுகின்றது. இரண்டு பகுதிகள் கூடும் இடமே வலுவிழக்கும் இடம். ஆகவே கைவினைஞரின் முழுக் கவனத்தையும் கேட்கும் இடம். நெசவாளர் இரண்டைச் சேர்க்கும் கோட்டை நாடுகின்றார். வார்ப்பாளர் ஒன்றைப் பிரிக்கும் கோட்டை நாடுகின்றார்.

இனி மணலுக்கு வருவோம். ஈர மணலைப் பெட்டியில் இடித்து இறுக்கி அதில் வார்க்கும் முறையை இத்தாலியரான பிரிங்குச்சியோ 1540-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் 1707-ஆம் ஆண்டு, வயிறு பருத்த இரும்புப் பானைகளை மணலில் வார்ப்பதற்குக் காப்புரிமை பெற்றார். பித்தளைப் பானை வாங்க இயலாத எளிய குடும்பங்களுக்கு இரும்புப் பானை மலிவாகக் கிடைக்க வழி பிறந்தது.

வயிறு பருத்த பானை என்றவுடன் பிரிகோட்டின் சிக்கல் முழுவதும் நம் கண்முன் வந்துவிடுகின்றது. நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தையே எடுத்துக்கொள்வோம். குடத்தை நிமிர்த்தி வைத்து, அதன் வயிற்றின் அகன்ற பகுதி வரை ஈர மணலில் புதையுங்கள். இப்பொழுது மேலே தூக்கினால் மணல் கலையாமல் குடம் வெளியே வரும். ஏனெனில் வயிற்றுக்குக் கீழே குடம் குறுகிக்கொண்டே செல்கின்றது. அடுத்து, மேற்பாதியின்மீது வேறொரு பெட்டியை வைத்து மணல் இடித்து, அப் பெட்டியை மேலே தூக்க முயலுங்கள். முடியாது! குடத்தின் கழுத்து குறுகியும் வாய் விளிம்பு அகன்றும் இருப்பதால், விளிம்பின் அடியில் புகுந்த மணல் அங்கேயே பிடிபட்டுக் கொள்ளும். பெட்டியைத் தூக்கினால் மணல் இடிந்து விழும். இவ்வாறு பிடித்துக்கொள்ளும் பள்ளத்தை உட்குழிவு என்பர்.

வழி என்ன? குடத்தைப் படுக்க வையுங்கள். வாய் விளிம்பின் நடுவிலிருந்து அடியின் நடுவரை, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். இப்பொழுது ஒவ்வொரு பாதியும் தன் திசையில் தடையின்றி வெளியேறும். கழுத்தும் விளிம்பும் எவ்விதத் தொல்லையும் தருவதில்லை. குடம் அதே குடம். மணல் அதே மணல். கிடத்திய முறையும் கோடும் மட்டுமே மாறின. மூன்று பெட்டிகள் வேண்டிய வேலை இரண்டு பெட்டிகளில் முடிந்தது. பிரிகோட்டைத் தேடுவது என்பது வெறுங்கோடு வரைவதன்று. பொருளை எந்தப் பக்கம் கிடத்துவது என்று தீர்மானிப்பதுமாகும்.

தமிழ்நாட்டில் இம் முறை கண்கூடாக விளங்கும் ஓர் ஊர் கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில். 2010-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்க் குத்துவிளக்குகள் காவிரிப் படுகையின் வண்டல் மணலில் வார்க்கப்படுகின்றன. விளக்கை முழுவதாக ஒரே வார்ப்பில் எடுப்பதில்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி எனத் தனித்தனியே வார்த்துக் கடைந்து, திருகிப் பொருத்துகின்றனர். ஏன்? தட்டு அகன்றது, தண்டு குறுகியது, அடிப்பாகம் மீண்டும் அகன்றது. நிமிர்த்தி வைத்தால் உட்குழிவுகள் மிகும். தனித்தனியாகப் பிரித்துவிட்டால் தட்டுக்கு அதன் அகன்ற விளிம்பே பிரிகோடு. தண்டைப் படுக்க வைத்தால் அதன் நடு அச்சின் வழியே செல்வது பிரிகோடு. வீட்டிற்கு எடுத்துச் செல்லவும், துலக்கி மீண்டும் பூட்டவும் எளிது என்று நாம் போற்றும் அமைப்பு வார்ப்பின் தேவையோடும் பொருந்தி நிற்பதைக் கண்டு வியக்கின்றோம்.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூர்ப் பகுதிக்கு வந்தது. நூற்பாலைகள் பெருகின; கிணறுகளுக்கு மின்சாரப் பம்புகள் வந்தன. ஆலைகளுக்கும் பம்புகளுக்கும் வேண்டிய உறுப்புகளை வார்க்க வார்ப்பட ஆலைகள் எழுந்தன. இன்று இந்தியாவின் பெரிய வார்ப்பட மையங்களுள் கோவையும் ஒன்று. அங்கே மணல் பிடிப்பவரையும் உலோகம் உருக்குபவரையும் நாம் எளிதில் நினைவுகூர்வோம். அவர்களுக்கு முன்னே ஒருவர் இருக்கின்றார். அவரே பேட்டர்ன் செய்யும் தச்சர்.

ஒரு பம்பின் உறை நத்தைக் கூட்டைப் போலச் சுருண்டு விரிவது. அதன் வரைபடம் அவரிடம் வரும். அவர் உடனே உளியை எடுப்பதில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எந்தப் பக்கம் கீழே? எந்தப் பக்கம் மேலே? நத்தைச் சுருளின் நடுவழியே கோட்டை ஓட்டினால் கோடு தட்டையாக அமையும்; இரு பாதிகளும் எளிதில் பிரியும்; உட்புற வெற்றிடத்திற்கு மட்டும் 'கோர்' எனப்படும் தனி மணற்கட்டியைச் செய்து உள்ளே வைக்க வேண்டும். ஆனால் அக் கோடு, பின்னர் கடைந்து மெருகிட வேண்டிய ஒரு துளையின் குறுக்கே செல்கின்றதா? மேற்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் மயிரிழை விலகிப் பொருந்தினாலும் அந்த இடத்தில் படி ஏற்பட்டுவிடும். கடைவதற்கென விட்ட மிகுதியை அப் படியே விழுங்கிவிடும். மிகத் துல்லியமாக இருக்க வேண்டிய முகம் மேலே இருக்கின்றதா? கசடும் காற்றுக் குமிழியும் மேலே மிதப்பவை. ஆகவே அம் முகத்தைக் கீழே திருப்ப வேண்டும். பருமனான பகுதி கடைசியில் இறுகும். அதற்கு உலோகம் ஊட்டும் ரைசரை எங்கே வைப்பது? செங்குத்தான சுவர்களுக்கு ஒன்று முதல் மூன்று பாகை வரை சரிவு கொடுத்தாலன்றி மாதிரி மணலை உரசிச் சிதைக்கும். இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு அளவும், எஃகு இரண்டு பங்கு அளவும் சுருங்கும். மாதிரியை அதற்கேற்பப் பெரிதாகச் செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணிய பின்னரே அவர் தேக்குக் கட்டையை இரண்டாகப் பிளந்து, முளையும் துளையும் வைத்துப் பொருத்தி, உருவத்தைக் கடைவார். அவர் போட்ட கோடு தவறானால் என்னவாகும்? பிசிறு மிகும், அதனைத் தேய்த்தெடுக்க ஆள் வேண்டும். கோர்களின் எண்ணிக்கை பெருகும். ஒவ்வொரு கோரும் ஒரு செலவு, ஒரு பிழைக்கான வாயில். ஒரு வார்ப்பில் நேரும் பிழையன்று அது; அந்த மாதிரியைக் கொண்டு வார்க்கப்படும் பல்லாயிரம் வார்ப்புகளிலும் தொடரும் பிழை. இத்தனை பொறுப்பும் ஒருவருடைய உள்ளத்தில் தங்கியிருந்தது. அவர் அதனை எழுதி வைத்ததில்லை. உடன் வேலை செய்த இளைஞன் பார்த்துக் கற்றான். அவன் வராது போனால் அறிவும் வராது போயிற்று.

இந்த அறிவு எப்படிப் பொறியினுள் புகுந்தது? அதற்கும் தறியே முன்னோடி. பூவேலைத் துணிகளை நெய்வதற்கு முற்காலத்தில் உதவியாள் ஒருவர் கயிறுகளை முறைப்படி இழுத்துப் பாவிழைகளைத் தூக்கிக் கொடுப்பார். எந்தக் கயிற்றை எப்போது இழுப்பது என்பது அவர் நினைவில் இருந்தது. பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டு அந்நினைவை ஓட்டையிட்ட அட்டைகளில் ஏற்றிவிட்டார். அவ்வட்டைகளைக் கண்டே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் கருதிய கணக்கிடும் பெரும் பொறிக்கு அட்டைகளின் வழியே ஆணையிடலாம் எனத் துணிந்தார். கணிப்பொறியின் குடிவழியில் தறியும் ஒரு முன்னோர். ஜக்கார்டு பெட்டியும் அட்டைகளும் பிள்ளையார்பாளையத்து வீடுகளில் தறியின்மேல் இன்றும் தொங்குவதை அவ்வூர் மாணவர்கள் பிறந்தது முதலே கண்டு வருகின்றனர்.

1963-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்ற ஆய்வாளர், ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரையும் முறையைத் தம் ஆராய்ச்சிப் பட்டத்திற்கென அமைத்தார். 1970-களில் கோடுகளை மட்டுமன்றிக் கன உருவங்களையே கணிப்பொறியில் அமைக்கும் முறைகள் கேம்பிரிட்ஜிலும் ரோசெஸ்டரிலும் வளர்ந்தன. பொருளின் உள் எது, வெளி எது, ஒவ்வொரு முகமும் எத்திசையை நோக்குகின்றது என்பதைப் பொறி அறிந்துகொண்டது. அதன் பின்னரே பிரிகோட்டைத் தேடும்படி அதனைப் பணிக்க முடிந்தது.

அது தேடும் முறை எளிதில் விளங்கக் கூடியதே. காஞ்சிபுரத்தில் ஆண்டுக்கு இருமுறை, சித்திரையிலும் ஆவணியின் தொடக்கத்திலும், நண்பகலில் கதிரவன் நேர் உச்சிக்கு வருகின்றான். அந்நேரத்தில் முற்றத்தில் ஒரு மாம்பழத்தை வையுங்கள். மேற்பாதி ஒளியில் இருக்கும். கீழ்ப்பாதி நிழலில் இருக்கும். இரண்டும் கூடும் எல்லையே பிரிகோடு. கணிப்பொறியும் இதையே செய்கின்றது. மாதிரியை உருவும் திசையை நாம் சொல்கின்றோம். அது ஒவ்வொரு முகத்தையும் சோதித்து, மேல் நோக்குவதற்கு ஒரு நிறமும் கீழ் நோக்குவதற்கு மற்றொரு நிறமும் இடுகின்றது. செங்குத்தாக நிற்கும் முகங்களைச் சரிவு தேவை என்று தனியே காட்டுகின்றது. மேல் நோக்கியிருந்தும் வேறொரு பகுதியின் நிழலில் மறைந்து நிற்கும் முகங்களை உட்குழிவு என்று காட்டுகின்றது. குடத்தின் வயிற்றுக்கு மேலே விளிம்பின் நிழல் விழும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறும் விளிம்புகளைக் கோத்தால் பிரிகோடு கிடைத்துவிடும்.

ஆனால் மாம்பழத்தைச் சாய்த்து வைத்தால் கோடும் சாயும். திசைகள் பல, கோடுகளும் பல. எது சிறந்தது? இவ்விடத்தில் ஒளியும் நிழலும் விடை சொல்வதில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பா. இரவி, எம். என். சீனிவாசன் ஆகிய இருவரும் 1990-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. பிரியும் பரப்பைத் தேர்வதற்குரிய அளவுகோல்களை அவர்கள் வகுத்தனர். பரப்பு எவ்வளவு தட்டையானது, மாதிரி எவ்வளவு ஆழத்திலிருந்து வெளிவர வேண்டும், சரிவு எவ்வளவு கூடும், உட்குழிவுகள் எத்தனை, அளவு எவ்வளவு நிலையாக அமையும், பிசிறு எவ்வளவு நீளத்திற்கு எழும், கடைய வேண்டிய முகங்கள் எங்கே அமைகின்றன, உலோகம் ஊட்டுவதற்கு இடமுண்டா என்பன போன்றவற்றை எண்ணால் மதிப்பிட்டு ஒப்பிட வழி கூறினர். இரவி பின்னர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வார்ப்புக்கெனவே கணிப்பொறி முறைகளை வளர்த்தார்.

அவ்வளவுகோல்களை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நாம் சற்று முன் கண்ட தச்சர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது எண்ணியவை இவையே அல்லவா? பொறி அவருக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிடவில்லை. அவர் உள்ளத்தில் ஒருங்கே கிடந்ததை அறிஞர்கள் தனித்தனியாக எடுத்துப் பெயரிட்டனர், அளந்தனர், யாரும் கற்கும்படி எழுதினர். இது சிறிய செயலன்று. ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு பட்டறையின் கமுக்கமாக இருந்த அறிவு மாணவர் அனைவர்க்கும் பொதுவுடைமை ஆயிற்று.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. அளவுகோல்கள் தம்முள் முரணுபவை. தட்டையான கோட்டைத் தேர்ந்தால் கோர் ஒன்று கூடலாம். கோரைத் தவிர்த்தால் கோடு வளைந்து நெளியலாம். பத்து வார்ப்புகள் மட்டும் வேண்டிய பட்டறைக்குச் சிறந்த கோடு, பத்தாயிரம் வார்க்கும் ஆலைக்குச் சிறந்ததாகாது. மணலின் தன்மை, கைப்பிடிப்பா எந்திரப்பிடிப்பா என்பது, கோர் வைப்பவரின் கைத்திறன் ஆகியவற்றைத் திரை தானாக அறியாது. எதற்கு எவ்வளவு மதிப்பு என்று கூறவேண்டியவர் மனிதரே. மணலைத் தொட்டறியாத ஒருவர் திரையில் மிக அழகிய உருவத்தை வரைந்துவிடலாம். அது மணலைவிட்டு வெளிவராத உருவமாக இருக்கலாம். அவ்வரைபடம் ஆலைக்குச் சென்ற பின்னரே பிழை புலப்படும். அதற்குரிய விலையைக் கொடுப்பவர் வரைந்தவர் அல்லர், உலைக்கருகில் நிற்பவரே.

மாதிரியே இல்லாமல், மணலைப் படலம் படலமாக ஒட்டி அச்சையே நேரடியாகக் கட்டியெழுப்பும் பொறிகளும் இன்று வந்துள்ளன. உருவ வேண்டிய மாதிரி இல்லாதபோது உட்குழிவும் தடையாவதில்லை. மெழுகு வழிக்கு இருந்த பழைய உரிமை மணலுக்கும் வாய்த்துவிட்டது! ஆயினும் அம் முறை செலவு மிக்கது. உள்ளே தங்கிய உதிரி மணலை அகற்றவும் கோர்களை வைக்கவும் அவ்வச்சையும் பெரும்பாலும் எங்கேனும் பிரிக்கவே வேண்டியிருக்கின்றது. கேள்வி வடிவம் மாறியதேயன்றி மறையவில்லை.

காஞ்சிபுரத்திற்கு வெகு தொலைவில் இல்லை இருங்காட்டுக்கோட்டையும் திருப்பெரும்புதூரும் ஒரகடமும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிகள் உருவாகின்றன. நெசவாளர் இல்லத்துப் பிள்ளைகள் பலர் தறியை விட்டு அவ்வாலைகளை நோக்கிச் செல்கின்றனர். அதனைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. கோர்வைக்கு உதவியாளாக அமரும் கைக்குக் கிடைக்கும் கூலி போதாது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் தறியை விட்டுச் செல்லும் மாணவன் வெறுங்கையோடு செல்வதாக எண்ண வேண்டாம். இரண்டு பகுதிகள் கூடும் கோட்டில்தான் வேலையின் தரம் இருக்கின்றது என்னும் அறிவை அவன் வீட்டிலேயே கற்றிருக்கின்றான். அட்டையில் ஏறியது நினைவு மட்டுமே, தீர்ப்பு அன்று என்பதையும் அவன் கண்டிருக்கின்றான். ஜக்கார்டு பூவைத் தூக்கித் தரும். கரையும் உடலும் பொருந்தினவா என்று பார்ப்பது இன்றும் நெசவாளரின் கண்ணே.

ஆகவே மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கணிப்பொறியில் உருவம் வரையக் கற்குமுன் அல்லது கற்கும்போதே, ஒரு வாளி ஈர மணலை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள கிண்ணம், கரண்டி, பம்பரம், சிறு பித்தளை மணி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் புதைத்து எடுத்துப் பாருங்கள். எது எந்தத் திசையில் மணலைக் கலைக்காமல் வெளிவருகின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் திரையின் முன் அமருங்கள். அருகில் உள்ள பட்டறையில் முதிய பேட்டர்ன் தச்சர் ஒருவர் இருப்பாரானால், அவரிடம் சென்று, "ஐயா, இதை ஏன் இப்படிப் பிளந்தீர்கள்?" என்று கேட்டு, அவர் கூறும் விடையை எழுதி வையுங்கள். பெங்களூர் அறிஞர்கள் எழுதிய அளவுகோல்களில் சேராத ஒன்று அவரிடம் இன்னமும் இருக்கக்கூடும்.

அடுத்த சதுர்த்தியன்று பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் அச்சு கவிழும், பிள்ளையார் வெளிவருவார். அவர் தும்பிக்கையை வயிற்றோடு சேர்த்து வைத்த பெயரறியாத் தச்சரை அப்பொழுது ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.